கடைசி வீட்டு லைன்

"எவாக்கா, இன்னிக்கும் குறையுது," என்றாள் பக்கத்து வீட்டு அனுராதா, மதில்மேல் தலையை நீட்டி.

"என் மீட்டர் சரியாத்தானே ஓடுது?"

"மீட்டருக்கு முன்னாடி, மண்ணுக்குள்ள ஒழுவுனா மீட்டருக்கு எப்படிக்கா தெரியும்? உங்க பைப்பு உங்க மாமனார் போட்டது."

எங்கள் தெருவில் விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். அனுராதாதான் கூட்டுவாள். தெருமுனைப் பெரிய மீட்டரில் எவ்வளவு வந்தது, வீடுகளுக்கு எவ்வளவு போனது, நடுவில் குறைவது கசிவு. குழுவில் தண்ணீர் இன்ஜினியரும் உண்டு. ஆடி முடிவதற்குள் கசிவு நிற்காவிட்டால் கடைசி வீட்டு லைனை வெட்டிவிடப் போவதாக எழுதியிருந்தார். கடைசி வீடு என்னுடையது.

"வெட்டிட்டா நான் எங்க போவேன் அனு?"

"அதுக்குத்தான் சொல்றேன், பைப்ப மாத்திடுங்க. நான் இருக்கேன்ல?"

பைப் மாற்ற முருங்கை மரம் குறுக்கே நின்றது. மரத்தை வெட்டச் சொன்னவளும் அவள்தான். விழுந்த மரத்திலிருந்து கீரையை முறத்தில் உருவிக்கொண்டு போய், அடை சுட்டு எனக்கும் இரண்டு கொண்டுவந்தாள். புதுப் பைப்பும் போட்டாயிற்று. கசிவு மட்டும் நிற்கவில்லை.

"ஜாயின்ட்டு சரியா போடல போலக்கா," என்றாள்.

ஆடிக் கிருத்திகையன்று காலை தெருவில் தண்ணீர் திறந்துவிட வந்த டில்லிபாபுவை நிறுத்தினேன்.

"டேய், ரோட்டோரம் எனக்குன்னு புதுசா வால்வு போட்டியே, அத மூடிடு. நாளைக்குக் காலையில வந்து திற."

"நாள் கெழமையில தண்ணி வேணாவாம்மா?"

"ரெண்டு குடம் இருக்கு, போதும். ஒழுவறது என்னுதுதான்னா நாளைக்குத் தெரிஞ்சிபோவட்டும்."

"ஆங். அனுராதாக்காகிட்ட சொல்லிட்டுப் போவட்டா?"

"வேணாம்பா. மாடி ரூமுக்கெல்லாம் வாடகைக்கு ஆள் வந்துகினு இருக்காங்க. அவ தொல்லை அவளுக்கு."

உண்மைதான். காவடிக் கூட்டத்தில் தெரு நிரம்பி வழிந்தது. போலீஸ் முனையிலேயே வண்டிகளை மறித்துவிட்டார்கள். அனுராதாவின் மாடியிலிருந்து குளித்து முடித்த மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கியபடியே இருந்தன. சித்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் என் வாசலில் நின்று செருப்பு மாட்டினார்.

"தண்ணி பாக உந்தி அம்மா, நல்லா வருது! ஃபுல் ஃபோர்ஸ்!" என்றார்.

"சந்தோஷம் நைனா," என்றேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை மீட்டர் முன் குனிந்தபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது. அனுராதாவின் செய்தி. 'நேத்து ரொம்ப வீண். கடைசி வீட்டு லைன்தான். இன்ஜினியர் சார் முடிவு எடுக்கலாம். எவாக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க.'

நான் இன்னும் படம் அனுப்பவே இல்லை.

அப்படியே அவள் வாசலுக்குப் போனேன்.

"என் மீட்டர் போட்டோ வரல. அதுக்குள்ள எப்படிடி கணக்குப் போட்ட?"

"அது... எப்பவும் வரதுதானேக்கா."

"நேத்து காலையிலேர்ந்து என் லைன் மூடி கெடக்குது."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அசையாமல் நின்றது.

"மாடிக்கு லாரித் தண்ணின்னு சொல்லுவியே, நேத்து இந்தத் தெருவுல ஒரு சைக்கிளாவது நுழைஞ்சுதா?"

"மெதுவா பேசுங்கக்கா, ஆளுங்க தூங்கறாங்க."

"உன் மீட்டருக்கு முன்னாடியே மாடிக்கு ஒரு பைப்பு இழுத்துட்டியா?"

"கிருத்திகைக்கு மட்டும்தான் நெறைய புடிப்பேன். உங்க பைப்பு பழசா இருந்துச்சு, அதனால யாரும் வேற எங்கயும் தேட மாட்டாங்கன்னு..."

"என் லைன வெட்டிடுவாங்கன்னு தெரியும்ல?"

"வெட்டினா என்னக்கா? எங்க வீட்ல வந்து புடிச்சிக்குங்க. உங்களுக்கு இல்லாத தண்ணியா?"

மனதாரத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். முந்தின நாள் எண்ணிலிருந்து மீட்டர் நகரவே இல்லை. படம் எடுத்து, 'நேற்று முழுவதும் என் லைன் மூடியிருந்தது. மூடியவன் டில்லிபாபு' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

அவள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அழிச்சிடுங்கக்கா, உங்க கால்ல விழறேன். இன்னும் யாரும் பாக்கல!"

"நான் பாத்துட்டேன், அனு."