வீட்டை நகர்த்திய பத்து ஹெச்.பி.

டிராக்டர் வந்த மறுநாள் காலையில் வீடு கிழக்கே நாலு விரற்கடை நகர்ந்திருந்தது. வீட்டுக்காரிக்கு அது நாற்றத்தில்தான் தெரியவந்தது. கழிவறைக் குழாய் பழைய இடத்திலேயே நின்றுவிட, சுவர் மட்டும் விலகிப் போய், குடும்பம் முந்தின நாள் வயிறாரச் சாப்பிட்டதற்கான சாட்சி கொல்லையில் வழிந்து கிடந்தது. அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டாள். புருஷன் அந்தப் பக்கமே திரும்பாமல் புது டிராக்டரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கவலையெல்லாம் கிழக்கே இருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியில் அவள் கையால் வைத்து வளர்த்த கொய்யா வரிசைகள். அவற்றுக்கு நடுவே புகுந்து உழத்தான் சின்ன டிராக்டர் வாங்குவதாகப் பேச்சு. வாங்குவதற்கு முன்பே ஊர் மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான்: “அக்கா, இருபத்தஞ்சு ஹெச்.பி. தாராளம். முப்பத்தஞ்சும் அதே உடம்பு, அதே எடை, அதே டயர். இஞ்சின் மட்டும்தான் கூட. இறுகின மண்ணைப் பொடியாக்க நாள் பூரா ரோட்டவேட்டர் ஓட்டுறவங்களுக்கு அது சரி. உங்க தோட்டத்துக்கு அந்தப் பத்து எதுக்கு, காத்து வாங்கவா?” புருஷனுக்கு மச்சினன் வீட்டில் முப்பது நிற்பது நெஞ்சில் நின்றது. “உன் தம்பி முன்னாடி நான் இருபத்தஞ்சோட போய் நிக்கணுமா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்றான். “அந்த நாலு பேரா வந்து களை எடுக்கப்போறாங்க?” என்று கேட்டாள். முப்பத்தஞ்சு வந்து இறங்கியது.

வீடு நகர்ந்த செய்தி கேட்டு வந்த மெக்கானிக், இஞ்சினில் ஒரு முறையும் சுவரில் ஒரு முறையும் காது வைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஒரே துடிப்பு. தோட்டத்துக்கு வேண்டியது போக மிச்சப் பலம் அஸ்திவாரத்தில் இறங்குகிறது என்றான். சளி மார்பில் இறங்குகிறது என்று சொல்லும் வைத்தியரின் நிதானம் அவனுக்கு. சின்னதாக மாற்றிக்கொள்ளச் சொன்னான். புருஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு கலப்பைகூட மாட்டாமல், முழு வேகத்தில் உறுமவிட்டுத் தெருத்தெருவாக ஓட்டிக் காட்டினான். மறுநாள் வீடு ஒரு சாண் போனது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. யாரும் வெட்கப்படவில்லை. மச்சினன் முப்பதைத் தள்ளிவிட்டு நாற்பது வாங்கினான். அவன் வீடும் நகர்ந்து வந்து பாதையை மறித்துக்கொண்டு நின்றது. “மாமா, எங்க வீடு நேத்து ஒரு முழம்!” என்று வந்து பல்லைக் காட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பெரிசு வாங்க, டீக்கடையில் யார் வீடு எவ்வளவு தூரம் போனது என்பதே பேச்சு. நகராத வீட்டுக்காரர்கள் தலை குனிந்து நடந்தார்கள். ஊர் முழுக்கக் கழிவறைக் குழாய்கள் பிய்ந்து ஒழுகின. ஆண்கள் அதைத் தாண்டித் தாண்டி, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பெருமை பேசப் போனார்கள். வாளியும் மண்ணும் எல்லா வீட்டிலும் பெண்கள் கையில்.

மூன்றாம் மாதம் சமையலறைச் சுவர் முதல் வரிசைக் கொய்யாவை முட்டியது. கிளை ஜன்னல் வழியாக அடுப்பின் மேல் வந்து நின்றது. “உங்க முப்பத்தஞ்சுதானே தள்ளிச்சு? அதையே இழுக்கச் சொல்லுங்க, பார்ப்போம்” என்றாள். ஊரே கூடியது. புருஷன் வீட்டுத் தூணில் சங்கிலி போட்டு, மீசையைத் தடவி, வண்டியை மேற்கே முடுக்கினான். இஞ்சின் கத்தியது, புகை கக்கியது, வீடு அசையவில்லை. மேலே எடை போதாமல் பிடிப்பில்லாத டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, ஆளுயரத்துக்குக் குழி பறித்து, வண்டியோடும் புருஷனோடும் உள்ளே இறங்கின. கொல்லையில் தேங்கியிருந்ததெல்லாம் வழி கண்டு அந்தக் குழிக்குள் பாய்ந்தது. அவன் கழுத்துவரை நின்றபடி, “பார்த்தியா, என்ன பவர்!” என்றான்.

அவனை ஏணி வைத்து ஏற்றினார்கள். வண்டி ஓடியபடியே குழிக்குள் கிடந்தது; அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒன்பது கொய்யா மரங்கள் சுவருக்கடியில் போயின. அதற்குள் அவள் ஒவ்வொன்றிலும் பதியம் போட்டுப் பிரித்து வைத்திருந்தாள். வீடு காலி செய்துவிட்டுப் போன இடத்தில், அந்தக் குழியைச் சுற்றி, ஒன்பதையும் நட்டாள். குழிக்குள் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடும் நாளுக்கு நாலு விரற்கடை போய்க்கொண்டிருக்கிறது. அதற்கேற்றபடி அவள் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரங்களில் பதியம் போட்டு வீட்டுக்குப் பின்னால் நடுகிறாள். காய் பெரிதாக, இனிப்பாக வருகிறது. எரு என்ன என்று வாங்குகிறவர்கள் கேட்டால், “பத்து ஹெச்.பி.” என்கிறாள்.