படத்தில் தெரியாதது

அந்தப் படத்துக்காகத்தான் சுதர்ஷினி சம்மதித்தாள். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் பதுளை கிளினிக்கில் டொக்டர் நஸ்மியா கேட்டிருந்தார். மனச்சிதைவு உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்து, மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு ஆராய்கிறார்கள், வர விருப்பமா என்று.

"எனக்கும் ஒரு படம் தருவீங்களா டொக்டர்?"

அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். படம் கையில் இருந்தால் தோட்டத்தில் காட்டலாம். பேயுமில்லை, செய்வினையுமில்லை, இதுதான் வருத்தம், மூளையில் வந்த நோய் என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

எட்டு வருஷத்துக்கு முன் நமுனுகுலப் பக்கம் அதே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவள் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு ஆண்குரல் அவளிடம் பேச ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதுபோல அத்தனை தெளிவு. முதலில் ஏசியது. பிறகு, பிள்ளைகளைத் தூக்கிப் போக ஆட்கள் வருகிறார்கள் என்றது. ஒருநாள் அவள் கதவையும் ஜன்னல்களையும் பூட்டிவிட்டு, பதினொரு பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வந்த தாய்மார் வெளியே நின்று கதறினார்கள். கடைசியில் கதவை உடைத்தார்கள். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றோடு வேலை போனது. அண்ணன் தம்பையா அவளைப் பூசாரியிடம் கூட்டிப்போனார், பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், அதற்கப்புறம் வருவதையே விட்டுவிட்டார்.

மாத்திரையில் குரல் மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகுதான் லயத்து வரிசை வீடுகளில் அவள் தனியே இருந்த கடைசிக் காம்பராவில் பேச்சுக்கு ஆளே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. பீலியடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் விலகி வழிவிடுவார்கள். வழிவிடுவார்கள், பேசமாட்டார்கள்.

ஸ்கேன் மெஷின் தகரத்தில் அடிப்பதுபோலச் சத்தம் போட்டது. அரைமணி நேரம் அசையாமல் கிடந்தாள். இரண்டு கிழமை கழித்து டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எங்க டொக்டர் இருக்கு?"

"தனியாப் பார்த்தா ஒண்ணும் தெரியாது சுதர்ஷினி. இந்த வருத்தம் உள்ள நூறு பேரையும் இல்லாத நூறு பேரையும் சேர்த்து அளந்தாத்தான் வித்தியாசம் வரும். காதுக்கு மேல இந்தப் பகுதி கொஞ்சம் மெலிஞ்சிருக்கும். நடுவுல நீர் நிக்கிற இடம் கொஞ்சம் பெருத்திருக்கும். ஒரு ஆளோட படத்தை வச்சு எதையும் சொல்ல ஏலாது."

"அப்ப அந்தக் குரல்?"

"நாம எல்லாருமே மனசுக்குள்ள பேசுறோம். அது நம்ம பேச்சுதான்னு மூளை அடையாளம் வச்சுக்கும். அந்த அடையாளம் தப்பும்போது, வெளியில யாரோ பேசுற மாதிரிக் கேக்கும்னு நினைக்கிறாங்க. இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

அத்தனை நாள் தன்னை ஏசியது தானேதானா? அவள் படத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவளுக்குப் பக்கத்து ஸீட் மட்டும் காலியாக இருந்தது. மேல் லயத்துக் கம்சலா இரண்டு பஸ் ஹோல்ட் தூரம் நின்றுகொண்டே வந்தாள். வளைவுகள் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தாள். அன்று மடுவத்துக்குள் இருந்த பதினொரு பிள்ளைகளில் ஒன்று அவளுடையது.

"என்னா டீச்சர், பெரிய கவரு?" என்றாள்.

சுதர்ஷினி படத்தை உருவினாள். மூளையின் நடுவே, சிறகு விரித்தாற்போல ஒரு கறுப்பு. எல்லாருக்கும் இருக்கிற இடம்தான். அதில் விரல் வைத்து இதுதான் என்று சொன்னால் கம்சலா நம்புவாள்.

"மூளைய எடுத்த படம். இதுல ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க."

கம்சலா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அன்னைக்கு ஏன் கதவப் பூட்டுனீங்க?"

எட்டு வருஷமாகத் தோட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி. குரலைப் பற்றி, வரப்போவதாகச் சொன்ன ஆட்களைப் பற்றி, பயத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள்.

"எம்மக துவாரகாவுக்குப் பத்து வயசாச்சு. இன்னமும் தாப்பா போட விடமாட்டா. அழுவா."

"எனக்குத் தெரியாதே கம்சலா. யாரும் சொல்லலியே."

"யாரு வந்து ஒங்ககிட்ட சொல்லுவா?"

இறங்கியதும் கம்சலா பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். சுதர்ஷினி தனியே நடந்தாள். தான் இழந்ததை எண்ணியே வருஷங்களைக் கழித்திருந்தாள். அந்தப் பிள்ளையை நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவாரி, நல்ல சேலை உடுத்தி, மேல் லயத்துக்குப் போனாள். படத்தைக் கொண்டுபோகவில்லை. கம்சலா வாசலை மறித்தாற்போல நின்றாள். துவாரகா அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கதவப் பூட்டுனது நான்தாம்மா. எனக்கு வருத்தம் வந்திருந்துச்சு. யாரும் ஒன்னத் தூக்கிட்டுப் போக வரல. நீ பயந்ததுக்கு நான்தான் காரணம்."

பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். கம்சலா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போய் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து படிக்கட்டில் வைத்தாள். சுதர்ஷினி படியில் உட்கார்ந்து, சூடு ஆறுமுன் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை கம்சலா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.