ஒரு துளி சொன்ன ஜோசியம்

தையல்காரிக்கு டாக்டரம்மா மேல் கோபம் இல்லை. அந்தத் துளி மேல்தான் கோபம். காது கேளாத அவளுக்கு அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்த அன்று, உள்காதில் இருந்த நீரில் ஒரே ஒரு துளி எடுத்துச் சோதித்தார்களாம். அதிலிருந்த புரதங்களைப் பார்த்துவிட்டு, கருவி வைத்தாலும் இந்தக் காதுக்குப் பேச்சு அவ்வளவாகப் புரியாது என்று ஆய்வுக்கூடம் ஜோசியம் சொல்லிவிட்டது. கடுகளவு நீர், அதற்கு எவ்வளவு வாய் பாருங்கள்!

அவளுடைய ஆசையெல்லாம் ஒன்றுதான். தலை குனிந்து தைக்கும்போதே, எதிரில் நிற்பவர் சொல்வது விளங்க வேண்டும். உதட்டைப் பார்க்க நிமிர்ந்த நேரத்தில் ஊசி விரலில் ஏறிய வலி அவளுக்குத்தான் தெரியும். அதனால் வீட்டில் ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தாள். இன்றைய சோதனையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் கேட்கும் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டரம்மா பத்து வார்த்தைகள் எழுதிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். தையல்காரி பத்தையும் பட்பட்டென்று திருப்பிச் சொன்னாள்.

"அடேங்கப்பா! அந்த ரிப்போர்ட்டே பொய்யாப் போச்சே!" அட்டையை இறக்கிவிட்டு டாக்டரம்மா எழுந்தே விட்டார். "இனிமே உங்களுக்குப் பயிற்சியே வேண்டாம்மா."

தையல்காரிக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால், கதவோரமாக, லாரி ஓட்டும் அவள் புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா சொல்லச் சொல்ல, பத்து வார்த்தைகளையும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அசைத்து ஊட்டிவிட்டவன் அவன்தான்.

"நீங்க முதல்ல வெளிய போங்க!" என்று கத்தினாள்.

"உனக்காகத்தானேடி..."

"பத்துக்குப் பத்து வாங்கிட்டு, நாளைக்கு தையல் மெஷின் முன்னாடி என்ன பண்றது? அங்கேயும் வந்து நிப்பீங்களா?" டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இவர் வாயைப் பார்த்துச் சொன்னேன் டாக்டர். டெஸ்ட்டை மறுபடி வைங்க."

புருஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். அவள் தைக்கும்போது குனிவதுபோல் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்தில் மூன்றுதான் தேறியது.

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். "ரிப்போர்ட் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதாம்மா."

"போன தடவை ஒண்ணுகூட வரலையே! துளியை அன்னைக்கு எடுத்தீங்க. நான் இன்னைக்கு வந்து உட்கார்ந்திருக்கேன். இன்னும் பத்து சொல்லுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

கதவுக்கு வெளியே புருஷன் முணுமுணுத்தான். லாரியில் பழகிய தொண்டை. அவன் முணுமுணுப்பே தெருவுக்குக் கேட்கும்.

"திமிரு பிடிச்சவ."

"ஆமா, திமிருதான்," என்றாள் தையல்காரி, தலை நிமிராமலே.

டாக்டரம்மா அடுத்த அட்டையை எடுத்தார்.