பத்து நிமிடத் தண்ணீர்

"தண்ணி எடுக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டேன். பிச்சம்மாள் வாசல் குழாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசம்" என்றாள். டேப்லெட்டில் பதிந்தேன். மூன்று வருடத்துக்கு முன், குழாய் வருமுன், இதே தெருவில் நானே எடுத்த கணக்கு பக்கத்தில் வந்து நின்றது. அதிலும் பத்து நிமிடம்.

காலையிலிருந்து பதினெட்டு வீடுகளிலும் இப்படித்தான். குருவிகுளத்துக்குத் தெற்கே இருக்கும் இந்தக் கரிசல் ஊருக்குக் குழாய் போட்டது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. அதனால் என்ன மாறியது என்று அளந்து சொல்வது சங்கரன்கோவிலில் உள்ள எங்கள் அலுவலகத்தின் வேலை. மாற்றம் தெரிந்தால் வடக்குத் தெருவுக்கும் குழாய் நீளும். இல்லையென்றால் இத்தோடு சரி. எதுவும் மாறவில்லை என்றது டேப்லெட். பழைய கணக்கைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி அதுல அப்பிடி என்ன தேடுதீய?" என்று பிச்சம்மாளின் மருமகள் மாலா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். பழைய கணக்கைச் சொன்னேன்.

"பத்து நிமிசமா? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல நாலு நடை போவணும். ரெண்டு மணி நேரம் ஆவும். எவ சொன்னா?"

பிச்சம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நாந்தான். அன்னைக்கு ஒங்க வீட்டுலருந்து மாப்பிள்ள வீடு பாக்க வாராவன்னு சொல்லியிருந்தாவ. தண்ணியில்லாத ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பா? எவன் வந்து கேட்டாலும் பத்து நிமிசம்னு சொல்லுங்கன்னு தெரு பூரா சொல்லி வச்சிருந்தேன். இவுக வெள்ளச் சட்டையும் பையுமா வந்து நேரா தண்ணியப் பத்தியே கேட்டாவ. பொண்ணு வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டோம்."

அன்று எனக்கு வீட்டுக்கு வீடு கேசரி கொடுத்தார்கள். கணக்கெடுக்க வந்தவனுக்கு எதற்குக் கேசரி என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் 'அன்பான மக்கள்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"எங்க அப்பாவ ஏமாத்துனது பத்தாதுன்னு வெளிநாட்டுக்காரனையுமா அத்தே?"

"ஏட்டி, ஒன்னயக் கொண்டாரத்தானட்டி சொன்னேன்!"

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து ஒரு பெண்ணுக்காகச் சொன்ன பொய், மூன்று வருடமாக எங்கோ ஒரு கணினியில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

பழைய எண்ணைத் திருத்த முடியாது. கீழே குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. வெறும் வாய்ப்பேச்சை எழுதினால் நம்புவார்களா? நடந்து அளந்தால்தான் உண்டு.

"பழைய கிணறு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோமா? நான் நேரம் பாக்கேன்."

"போலாம். ஆனா வடக்குத் தெருவுல மட்டும் கேட்டுராதீய" என்றாள் பிச்சம்மாள். "இசக்கித்துரைக்குப் பொண்ணு பாக்காவ. அவளுவளும் பத்து நிமிசம்னுதான் சொல்லுவாளுவ."

வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடம் வாய் வெட்டப்பட்டு மிளகாய்ச் செடித் தொட்டியாகியிருந்தது. மாலா பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கி வந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பருத்திக் காட்டுப் பாதையில் மாலா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே போனாள். குடம் வெறுங்குடம்தான். ஆனாலும் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தது.