மண்டோரின் மிச்ச ஓட்டு

மலேசியாவில் கோலா சாவா பக்கத்து அந்த எஸ்டேட்டில் குடியிருப்புக் கவுன்சில் தேர்தல் என்றால் அதுவரை ஒரே கதைதான். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜுவும் அவர் கைகாட்டும் நாலு பேரும் நிற்பார்கள், ஐந்து பேரும் ஜெயிப்பார்கள். மற்றவர்கள் மீகோரெங் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வருஷம் முறை மாறியது. பிடித்தவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட வேண்டும். ஒருவர் ஜெயிக்கத் தேவையானது போக மிச்சம் விழும் ஓட்டுகள், அந்தச் சீட்டுகளில் இரண்டாவதாக இருப்பவருக்குப் போய்விடும். ஐந்து நாற்காலியையும் ஒரே கூட்டம் வாரிக்கொண்டு போக முடியாது. இதைக் கேட்ட அன்றே பள்ளி வேன் ஓட்டும் டோரின் பெயர் கொடுத்துவிட்டாள். அவளைப் போலச் சர்ச்சுக்குப் போகிற வீடுகள் அங்கே கொஞ்சம்தான். அதனால் என்ன? வேன் திரும்பும் இடம் மழைக்குக் குளமாகிறதே, சத்தம் போட ஒரு ஆள் வேண்டாமா?

ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் எண்ணினார்கள். சாப்பாட்டுக் கடை மஸ்தான் தேர்தலில் நிற்காததால் எண்ணும் வேலை அவருக்கு. பந்து விளையாட்டு வர்ணனை மாதிரி ஒவ்வொரு சீட்டையும் முழங்கினார்.

"தங்கராஜு! மறுபடியும் தங்கராஜு! ஆஹா, டோரின்!"

பெயர் வரும்போதெல்லாம் டோரின் துள்ளினாள். பக்கத்தில் புருஷன் நெல்சன் மட்டும் மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எனக்குத்தானே போட்டீங்க?"

"போட்டேனே."

"ஒண்ணுதானே?"

"ரெண்டு."

"ரெண்டா! கட்டின பொண்டாட்டிக்கு ரெண்டா? ஒண்ணு யாருக்கு?"

"மண்டோருக்கு லா. வாசல்ல நின்னு தோள்ல கை போட்டாரு. உள்ள போன பிறகும் அந்தக் கை தோள்லயே இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"ராத்திரி சோறும் அவரு வீட்லயே சாப்பிடுங்க!"

அதற்குள் நான்கு நாற்காலி நிரம்பிவிட்டது. கடைசி ஒன்றுக்கு டோரினும் மண்டோரின் மச்சான் ரவிச்சந்திரனும்தான். ரவிச்சந்திரன் கொஞ்சம் முன்னால் இருந்தார். மண்டோரின் மிச்ச ஓட்டைப் பிரிப்பதுதான் பாக்கி. மச்சான் இப்போதே சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மஸ்தான் முதல் சீட்டைத் தூக்கினார். "ரவிச்சந்திரன்!" அடுத்தது, "டோரின்!" அதற்கடுத்தது, "டோரின்!" பிறகும் டோரின், இன்னும் டோரின். மண்டோரின் கை ஊரில் பாதித் தோளில் விழுந்திருக்கிறது. அத்தனை பேரும் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டைத் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள்! மஸ்தானுக்குத் தொண்டை கட்டிப்போய், கடைசிச் சீட்டை வெறுமனே ஆட்டிக் காட்டினார்.

மண்டபம் அதிர்ந்தது. டோரின் பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினாள், இறங்கி நெல்சனைக் கட்டிக்கொண்டாள், அவன் முதுகில் நாலு குத்தும் விட்டாள்.

மண்டோர் மெல்ல நடந்து வந்தார். "என் ஓட்டுல ஜெயிச்சிருக்க, தங்கச்சி."

"உங்க மிச்சத்துலண்ணே!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது மண்டோரின் மனைவி வள்ளியம்மா டோரின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நான் உனக்குத்தான்டி ஒண்ணு போட்டேன். அவருக்கு மூணு. சொல்லிடாத."

"மூணா அக்கா?"

"ரெண்டு மஸ்தானுக்குப் போடலாம்னு பாத்தா, அந்த மனுஷன் நிக்கவே இல்ல. ரவிச்சந்திரனுக்குப் போட்டுட்டேன். என்ன இருந்தாலும் தம்பியாச்சே."

இரண்டு பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.