ஏழாம் நம்பர் பரண்

என் புருஷனுக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தொன்பதாவது வயதில். அந்த வயதில் மற்ற ஆண்கள் சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடத் தொடங்குவார்கள். குகநேசன் வேட்டை அனுமதிக்குப் படிக்கத் தொடங்கினார். டென்மார்க்கில் இந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குள் அப்படி ஒரு கூத்து அதுவரை நடந்ததில்லை. கல்யாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் "என்ன சுபாஜினி, வேடன் எப்படி இருக்கிறார்?" என்றுதான் என்னை விசாரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இருபத்துமூன்று வருடமாக ஒரே வரிசையில் நின்று, நகர்ந்து வருகிற பன்றித் தொடைகளிலிருந்து எலும்பை எடுக்கிறார். "வேலையில பார்க்கிற ரத்தம் காணாதா உங்களுக்கு? சனிக்கிழமையும் வேணுமா?" என்று ஒருநாள் கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. "என்ட கைக்கு வாறதில தலை இல்ல சுபா," என்றார். "இத்தனை வருசத்தில ஒண்டின்ட முகத்தையும் நான் பார்க்கல்ல. ஒருக்கா, ஒரேயொருக்கா, உசிரோட ஒண்டை நேருக்கு நேர் பார்க்கோணும். பார்த்துப்போட்டுச் சுடுவனா, விடுவனா எண்டு எனக்கே தெரியா. அதத்தான் பார்க்கப் போறன்."

"துவக்கு இல்லாமலும் பார்க்கலாமே?"

"அது வேடிக்கை பார்க்கிறது. கையில துவக்கு இருக்கோணும், சுடலாம் எண்டும் இருக்கோணும். அப்பதான் தெரியும் நான் ஆரெண்டு."

நான் எழும்பிப் போய்ச் சட்டி கழுவினேன்.

எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டார். வாத்துகளில் எத்தனை சாதி உண்டோ அத்தனைக்கும் டேனிஷ் பெயர் பாடமாக்க வேண்டும். மூன்றாம் தடவை பாஸ். பிறகு துவக்குப் பரீட்சை. கோடை முழுவதும் தோள் கன்றிப்போய் வீட்டுக்கு வருவார், நான் எண்ணெய் பூசிவிடுவேன். துவக்கை இரும்பு அலமாரியில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அலமாரிக்கு எங்கள் சின்ன வீட்டில் இடம் கிடைத்தது சாமியறைச் சுவருக்கு மற்றப் பக்கத்தில். நான் இங்கே விளக்கு ஏற்ற, அவர் அங்கே துவக்குத் துடைப்பார்.

அனுமதி கிடைத்தாலும் காடு கிடைக்க வேண்டுமே. வேலை வரிசையில் இவருக்குப் பக்கத்தில் நிற்கிற கார்ஸ்டன், பதினான்கு பேர் சேர்ந்த ஒரு வேட்டைக் குழுவின் தலைவன். அதில் ஒரு இடம் வருமட்டும் இவர் காத்திருந்தார். படிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழு வருடம். இந்தப் புரட்டாதியில் ஒரு ஆள் முழங்கால் வருத்தத்தால் விலக, இவரைக் கூப்பிட்டார்கள். ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அந்தக் காட்டில் இந்த வருடம் ஒரு பெரிய கலைமான் சுடலாம், யாருடைய பரணுக்கு முன்னால் வருகிறதோ அவர் சுடலாம். காடு விற்றாகிவிட்டது, புது வருடத்திலிருந்து புதுச் சொந்தக்காரர் வேட்டையை நிறுத்துகிறார், ஆகவே இதுதான் முதலும் கடைசியும் என்று கார்ஸ்டன் சொன்னானாம். புதிதாகச் சேருகிறவர் காலைச் சாப்பாடு கொண்டுவருவது அவர்கள் வழக்கம். இவர் எங்கள் ஊர் மாதிரிப் பொரித்த ஐம்பது ரோல்ஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதன் தூக்கத்திலும் சிரித்தார். எனக்கோ தூக்கமே வரவில்லை. ஏனென்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சுடுவார் என்று பயந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டும் சுடுகிற ஒரு ஆள் அவருக்குள் இருந்தால், அந்த ஆளோடு நான் ஒரே கட்டிலில் படுக்க வேண்டுமே. வேட்டைக்கு மூன்று கிழமை முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர்க் கண்ணகி அம்மனின் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இந்த மனுசன் போகாமல் நீ வந்து பார்த்துக்கொள்," என்று கும்பிட்டேன். நீ வந்து பார்த்துக்கொள். இதே வார்த்தை.

வேட்டைக்கு நான்கு நாள் இருக்க, இன்னொரு செவ்வாய்க்கிழமை, குளித்துவிட்டு வந்தவரின் முதுகில் மூன்று கொப்புளங்களைக் கண்டேன். பின்னேரத்துக்குள் முப்பது. இராவுக்குள் காய்ச்சல் முப்பத்தொன்பதரை.

அம்மாள் வந்துவிட்டாள்.

கொப்பளிப்பான், சின்னம்மை என்று சொல்லலாம், வைத்தியர் தொலைபேசியில் டேனிஷில் அதைத்தான் சொன்னார். நான் வேலை செய்கிற பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் அந்த மாதம் அது பரவியது. என்னைக் கூட்டிப்போக வந்த இவருடைய தோளிலும் மடியிலும் பிள்ளைகள் ஏறி விளையாடியதும் உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வருத்தத்துக்குப் பெயரே அம்மாள்தான். நான் கூப்பிட்டேன், வந்தாள். கும்பிடும்போது கால் சுளுக்கு, கார் பழுது, இப்படி ஏதாவது செய் தாயே என்று விபரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா நான்?

பக்கத்துத் தெருவில் இருக்கிற சிவபாலன் அண்ணன் வீட்டுக் கண்ணாடி அறையில் ஒரு சட்டி வேம்பு நிற்கிறது. டென்மார்க் குளிரில் அது படுகிற பாட்டுக்கு அவர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார். கேட்டதும் ஐந்து இணுக்கு ஒடித்துத் தந்தார். வாசலில் கட்டினேன். மச்சம் மாமிசம் நிறுத்தினேன், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. வளர்ந்தவர்களுக்கு இது நுரையீரலில் இறங்கலாம், மூச்சு வாங்கினால் உடனே அழைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இரண்டு இரவு அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன கிழமை?"

சொன்னேன். முகம் முழுக்கக் கொப்புளம், அதற்கு நடுவில் அந்தக் கண்கள் நிறைந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கார்ஸ்டனுக்குத் தானே செய்தி அனுப்பினார். பிறகு சொன்னார், "ரோல்ஸ் போகோணும் சுபா. ஆள் போகாட்டியும் சாப்பாடு போகோணும். சொன்ன சொல்."

எங்கள் வீட்டில் பொரிக்கக் கூடாதே. உருளைக்கிழங்கு மட்டும் வைத்து உருட்டி, சனிக்கிழமை விடியச் சிவபாலன் அண்ணன் வீட்டு அடுப்பில் ஐம்பதையும் பொரித்தேன். அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே அம்மாள் வந்துபோனது, பயமில்லை. அவரை இவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுக் காரை எடுத்தேன். போய்க் கொடுத்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்புவது என் எண்ணம்.

எட்டு மணிக்குக் காட்டு ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஆண்கள் வட்டமாக நின்றார்கள். நாய்கள் ஒரு சத்தமும் போடாமல் நடுங்கிக்கொண்டு நின்றன. ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுத்தார்கள், அந்த எண்தான் அவரவர் பரண். கடைசியில் கார்ஸ்டன் ஒரு சீட்டைத் தானே எடுத்து எனக்குக் காட்டினான். ஏழு. "இது குகனுடையது. ஒரு பரண் காலியாக இருக்கப் போகிறது. நீ இருக்கிறாயா?" என்றான்.

நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அவன் ஏழு வருடமாக இந்தக் காலையைப் பற்றித்தான் என்னிடம் பேசினான். யாராவது போய் அவனுக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டான்.

அண்ணனுக்கு அழைத்தேன். "ஆள் கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கிறார். நீ இரு தங்கச்சி," என்றார்.

செம்மஞ்சள் தொப்பி ஒன்றைத் தந்தார்கள். மரத்தோடு சாய்த்துக் கட்டிய ஏணி, மேலே ஒரு பலகை, அவ்வளவுதான் பரண். கொம்பு ஊதிக் கேட்கும்வரை இறங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கார்ஸ்டன் போனான். நாற்பத்தாறு வயதில், சாரிக்கும் சப்பாத்துக்கும் மட்டுமே பழகிய இந்தக் கால்களோடு, ஒரு மரத்தில் ஏறி இருந்தேன். இவரைப் பேசாத பேச்செல்லாம் மனதுக்குள் பேசினேன்.

பிறகு பேச்சு தானாக நின்றுவிட்டது.

மழை இல்லை, ஆனாலும் ஊசியிலை மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. நிலம் முழுவதும் பாசி. வெளிச்சம் மேலே இருந்து வராமல் அந்தப் பாசியிலிருந்தே எழும்புகிற மாதிரி இருந்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். வேலை, கடை, பிள்ளை, கோயில் என்று காரில் ஓடித் திரிந்தேன். இப்படி ஒரு இடம் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. தூரத்தில் நாய் குரைத்தது. ஒரு வெடி. பிறகு இன்னும் தூரத்தில் இரண்டு வெடி.

முதலில் மணம்தான் வந்தது. ஈர ஆட்டுப்பட்டி மணம், ஆனால் அதைவிடக் காரம். நான் திரும்பவில்லை, திரும்பப் பயம். எனக்கு வலது பக்கத்தில், ஒரு சுள்ளி முறியாமல், அது நடந்து வந்தது. ஓடவில்லை. அத்தனை நாய்க்கும் அத்தனை துவக்குக்கும் நடுவில் அது நடந்தது.

மான் என்றால் எவ்வளவு இருக்கும் என்று நினைத்திருந்தேனோ அதையெல்லாம் மறந்துவிட்டேன். ஒரு எருமை உயரம். நெஞ்சு வரைக்கும் கறுப்புச் சேறு. கழுத்தில் தடித்த மயிர் நனைந்து தொங்கியது. கொம்பின் கிளைகளை எண்ணப் பார்த்தேன், பாதியில் எண் தவறியது. ஒரு கிளை நுனி முறிந்திருந்தது, இன்னொன்றில் ஒரு பிடி புல் வேரோடு சிக்கித் தொங்கியது. முப்பது அடி தூரத்தில் வந்து பக்கவாட்டாக நின்றது. விலாவில் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அந்த மூச்சு வெள்ளையாக வெளியே வந்து அதன் முகத்தையே மறைத்தது, விலகியது, மறைத்தது.

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

நான் கண்ணகி அம்மனுக்கு முன்னால் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் இப்படி உடம்பு முழுவதும் சிலிர்த்ததில்லை. கை தானாகக் குவிந்தது. "அம்மாளே," என்றுதான் வாயில் வந்தது, சத்தம் வரவில்லை. அதன் கண்ணில் பயம் இல்லை, கோபமும் இல்லை. நீ யார் என்று கேட்கிற பார்வை. இவர் ஏழு வருடமாகக் காத்திருந்த முகம், வேண்டாம் வேண்டாம் என்று நின்ற எனக்கு முன்னால் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இவர் இங்கே இருக்க வேண்டும். துவக்கோடு என்றாலும் பரவாயில்லை, சுட்டாலும் பரவாயில்லை, இந்த மனுசன் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையை அசைக்கவும் துணிவில்லை. படம் எடுக்கிற நினைப்பே வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றதென்று தெரியாது. என்னைப் பார்த்து முடித்த பிறகு அது திரும்பி, எங்களுடைய ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் இறங்கியது. கொம்பு மட்டும் கொஞ்ச நேரம் புதர்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

வேட்டை முடிந்து கொம்பு ஊதிய பிறகு கார்ஸ்டன் வந்தான். பரணுக்குக் கீழே பாசியில் என் உள்ளங்கை அளவு குளம்புத் தடங்களைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். அன்று வேறு யாருக்கும் அது தென்படவில்லை. அந்தக் காட்டின் கடைசி வேட்டை நாளில், துவக்கு இல்லாத பரணுக்கு மட்டும் அது வந்திருக்கிறது. மற்ற ஆண்களும் வந்து தடங்களைச் சுற்றி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலடியில் இருந்து சொன்னேன். எல்லாம் சொன்னேன். அதே மூச்சில், இவர் போகக் கூடாதென்று அம்மனைக் கும்பிட்டதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அந்த முகத்தைப் பார்த்ததற்கே நான் தகுதியில்லை என்று பட்டது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சிவபாலன் அண்ணன் மெதுவாக எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். சுவரைப் பார்த்தபடியே இவர் சொன்னார்.

"அம்மாளுக்குச் சொன்னாய். எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, பயமாக் கிடக்கெண்டு. நீ பகிடிதானே பண்ணினாய்."

"ஓம்," என்றேன். "என்னை மன்னியுங்க."

திரும்பினார். "முகம் எப்படி இருந்தது? முதல்ல இருந்து சொல்லு."

இரண்டாம் தடவை சொன்னேன். காற்று எந்தப் பக்கம், காது எப்படித் திரும்பியது, கண்ணுக்குக் கீழே மயிர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முறிந்த கொம்பு இடதா வலதா என்று நான் தடுமாற, கண்ணை மூடிப் பார்த்துச் சொல் என்று விரட்டினார். இடது.

"இன்னொருக்கா," என்றார். இந்தத் தடவை அவரும் கண்ணை மூடிக்கொண்டார். கொப்புளங்களுக்கு மேல் வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தது, வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது. நான் மணத்திலிருந்து தொடங்கினேன். பரணில் என்னை எடுத்துவிட்டு அவரை ஏற்றி இருத்திச் சொன்னேன். "உங்களுக்கு வலது பக்கத்தால வருது. நடந்துதான் வருது. இந்தா, நிக்குது. முப்பது அடி. மூச்சு வெள்ளையா வருது. இப்ப தலையைத் தூக்குது. இப்ப உங்களைப் பார்க்குது."

போர்வையில் அவருடைய சுட்டுவிரல் மற்ற விரல்களிலிருந்து பிரிந்து கொஞ்சம் வளைந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவர் மூச்சும் கேட்கவில்லை. விரல் அப்படியே நின்றது, மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

பொறுக்க முடியாமல், "சுட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சத்தம் போடாத," என்றார். "இன்னும் நிக்குது."