பட்டாளப் பச்சையும் ஒரு கிளாஸ் சாயாவும்

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற அந்தப் பழைய கேரவனுக்குப் பச்சை பூசுவது என்று சுவிசேஷமுத்து முடிவு கட்டிவிட்டார். பச்சை என்றால் இலைப் பச்சை அல்ல. பட்டாளத்து லாரிகளின் மங்கல் பச்சை. மனிதர் ராணுவ அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், துப்பாக்கியைத் தொட்டதில்லை. மிடுக்குக்கு மட்டும் குறைவில்லை.

அவர் மனைவி சத்தியவதிக்கோ எலுமிச்சை மஞ்சள்தான் வேண்டும். லோணாவளாவில் வண்டியை விலைக்குப் பார்த்த அன்றே அவள் மனதில் மஞ்சள் ஏறிவிட்டது.

"மஞ்சளா? ஐஸ்கிரீம் வண்டின்னு பிள்ளைய ஓடி வந்துரும்ட்டீ!" என்று சிரித்தார் அவர்.

தனியார் வண்டிக்குப் பட்டாளப் பச்சை பூசக்கூடாதென்று பக்கத்து வீட்டு டிராஃபிக் போலீஸ் ஹவால்தார் ஜாதவ் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. இப்போதே சொன்னால் இவர் முறுக்கிக்கொண்டு வேலையையே கைவிட்டுவிடுவார். முதலில் தேய்த்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவரோ விழுந்து விழுந்து உழைத்தார். ஜன்னல் ஓரத்தில் வெடித்துக் கிடந்த சிலிக்கோனைச் சுரண்டினார். பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். ஒடுங்கிய இடமெல்லாம் பட்டி வைத்து, பிரைமர் அடித்தார்.

"ராணுவ ஒழுங்குன்னா இதாங்க," என்று அவள் ஏற்றிவிட்டாள். இன்னொரு தடவை தேய்த்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பச்சை டப்பாவைத் திறந்தார். சத்தியவதி ஜாதவைச் சாயாவுக்குக் கூப்பிட்டாள்.

சுவிசேஷமுத்து பிரஷால் முதல் இழுப்பு இழுத்திருப்பார். "அரே காகா! யே தோ ஆர்மி கா கலர் ஹை. நஹி சலேகா!" என்றார் ஜாதவ். இது பட்டாளத்துக் கலர், செல்லாது, ரோட்டில் கண்டால் தானே பிடித்து நிறுத்த வேண்டிவரும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

பிரஷ் அந்தரத்தில் நின்றது.

"ஒனக்கு இது முன்னாலயே தெரியுமோ?"

"நீங்க கேக்கவே இல்லியே."

"அப்ப இவரு சாயா குடிக்க வந்தது?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சாயா குடுக்கக் கூடாதா?"

சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு டப்பாவைத் தூக்கி வந்து வைத்தாள். மஞ்சள். சுவிசேஷமுத்து டப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். இவ்வளவு தேய்த்த பிறகு பிரைமரோடு விட மனம் வரவில்லை. பச்சையைத் துடைத்துவிட்டு மஞ்சளில் பிரஷைத் தோய்த்தார்.

மாலையில் ஜாதவின் மனைவி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இந்தக் கலர் யாருடைய யோசனை என்று கேட்டாள்.

"மேரா ஹி!" என்னுடையதேதான் என்றார் சுவிசேஷமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

"பின்பக்கம் இன்னொரு கோட் அடிங்க. ஒங்க யோசனை இன்னும் எடுப்பா தெரியும்," என்றாள் சத்தியவதி.